114ஆம் இலக்க முகப்பு

இது நடந்தது. நான் பேயை நம்புகிறவன் அல்ல. கவுன்சில் அறிக்கையையே நம்பாதவன். ஆனாலும் சென்ற நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 3.40க்கு, லண்டன் ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் கண்டதை இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பழைய கட்டடங்களைப் பதிவுசெய்யும் குழுவில் நானும் ஒரு தொண்டன். தலைவர் கழுத்தில் பட்டுத் துண்டு சுற்றிக்கொண்டு, செங்கல்லும் மூச்சு விடும் என்று இருபது நிமிடம் பேசுவார். விதி ஒன்றுதான். எதிர் நடைபாதையில் நிற்க வேண்டும். கடைப் பலகைக்கு மேலே தெரிவதை மட்டும் எழுத வேண்டும். தெருவைக் கடக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது 114ஆம் இலக்கம். மூன்று மாடி, சிவப்புச் செங்கல், யன்னல்களுக்கு மேல் கல்லில் செதுக்கிய பூக்கள். கீழே பலகை அடித்திருந்தது. திருத்த வேலை என்று நினைத்தேன்.

பக்கத்தில் ஒரு முதியவர் வந்து நின்றார். எட்வேட், மன்னார்க்காரர், பஸ் ஓட்டியவர். முப்பது வருடம் அந்த மேல்மாடியில் குடியிருந்தாராம். அவர் வேலை முடிந்து இந்த நடைபாதையில் வந்து நிற்பதைக் கண்ட பிறகுதான் மனைவி பெனிற்றா யன்னல் விளக்கை அணைப்பாராம். ஒருநாள் இரண்டு ஷிப்ட் சேர்த்துச் செய்தார். வந்தபோது விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பெனிற்றா யன்னலடிக் கதிரையில்... உடம்பு குளிர்ந்துவிட்டது.

"தம்பி, எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியாது. மேல் யன்னலில லைற் எரியுதோ?"

எரிந்தது. மஞ்சள் வெளிச்சம்.

"ஓம் அண்ணை, எரியுது."

"ஆரும் நிக்கினமோ?"

அப்போது ஒரு புறா பக்கத்து யன்னலுக்குள் பறந்து போனது. கண்ணாடியில் மோதவில்லை... சத்தமே இல்லை.

வெளிச்சத்தில் ஒரு பெண். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அசையவில்லை...

"ஒரு அம்மா நிக்கிறா."

முதியவர் கையை உயர்த்தினார்.

4.02.

டக்.

அத்தனை பஸ் இரைச்சலுக்குள்ளும் அந்தச் சுவிட்ச் சத்தம் கேட்டது. யன்னல் இருண்டது.

"லைற் நூந்திட்டுது அண்ணை..."

"அப்ப என்னைக் கண்டிட்டா," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

படிவத்தில் 'ஆட்கள் குடியிருக்கிறார்களா' என்ற கட்டத்தில் 'ஓம்' என்று எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். மாடி, படி, கூரை எல்லாம் மார்ச் மாதமே இடித்தாயிற்று. முன்சுவர் மட்டும் இரும்புச் சட்டங்களில் சாய்ந்து நிற்கிறது. இதற்குப் பெயர் மரபுப் பாதுகாப்பு.

படத்தில் பெனிற்றாவின் யன்னலில் வானம் தெரிந்தது.

'ஓம்' என்பதைத் திருத்தச் சொன்னார்கள்.

நான் திருத்தவில்லை.