குழாய்ப் பள்ளத்துக்கு நான் வரவழைத்த யானை

தளிக்கு அப்பால், காட்டோரம் எங்கள் ஊர். குடிதண்ணீர்க் குழாய்க்கு அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. பள்ளம் தோண்டுவது மட்டும் ஊர்ப் பங்கு. ஜனங்கள் இறங்கி வேலை செய்வதை அதிகாரி கண்ணால் பார்த்தால்தான் பணம் வரும்.

அன்று எனக்கு ஓசூர் கம்பெனியில் லீவு. அண்ணியோடு நானும் தோண்டப் போனேன். என்னால் சும்மா இருக்க முடியுமா? "ஆனெ பந்த்து! யானை வருது, ஓடுங்க!" என்று கத்தினேன். கடப்பாரையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஊருக்குள் ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை; அது ஊருக்குள்ளும் கேட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

"எங்கப்பா ஜனங்க? அக்கறை இல்லாத ஊருக்கு எதுக்கு நிதி? பக்கத்து ஊருக்கு மாத்திடறேன்" என்றார் அதிகாரி.

"சார், ஒரு டீ குடிக்கிற நேரம் இருங்க சார்!" என்று கெஞ்சிவிட்டு ஓடினேன். "ஆபீசர் வந்திருக்காரு, வாங்க!" என்று கதவு கதவாகத் தட்டினேன்.

"போடா! அப்ப யானை, இப்ப ஆபீசரா?" என்று உள்ளிருந்தே திட்டினார்கள்.

அண்ணி மட்டும் மண்வெட்டியை எடுத்தார். "பொய்யா இருந்தாலும் இருக்கட்டும் தம்பி. குழி வெட்டாம குழாய் வருமா? ஏரிக்கு நடந்து நடந்து என் காலு தேஞ்சு போச்சு" என்று கிளம்பினார். அவர் தனியாகப் போவதைப் பார்த்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் இறங்கினார்கள். ஜீப் கிளம்புவதற்குள் பள்ளம் முழுக்க ஆட்கள் நிரம்பிவிட்டார்கள்; அதிகாரியும் கண்ணால் பார்த்துவிட்டார்.

குழாய் வந்துவிட்டது. கிண்டலை நான் விடவில்லை. ஆனால் ஊர் வேலை என்றால் முதல் ஆளாக இறங்கி, மூச்சு வாங்க வெட்டுகிறேன். அப்புறம் கத்துவதற்குத் தெம்பு இருக்காது.