பொட்டு வைத்த பெட்டிகள்

செல்வலட்சுமி வாயைத் திறந்தால் மிஷினைத் திட்டுவாள், மூடினால் முறுக்கு தின்பாள். திசையன்விளைக்காரி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு 2005-இல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்த எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ரூம். கூட இருந்தவர்கள் எல்லாம் அவள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள், ஒரு கார் பார்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் வேலை.

நாங்கள் செய்தது ஃபேக்டரி கேட்டில் கார்டு தேய்க்கிற பஞ்ச் பெட்டி. சோதனைக்கென்று முதல் பெட்டியை அந்தப் பெண்கள் வேலை செய்த ஃபேக்டரியிலேயே மாட்டினோம். சில வாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் ஷிஃப்ட் மாறுகிற நேரம் பார்த்துக் கல்லாகி நின்றது. வரிசை ஹைவே வரைக்கும் போனது. லேட் என்று எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் வெட்டு. அன்றைக்கு ரூமில் இவளுக்குச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

பெட்டி நின்றதற்குக் காரணம் மெமரி ஒழுக்கு. உள்ளே மெமரியைப் பங்கு போடுவது கெர்னல் என்கிற அடிப்படைப் புரோகிராம். கேட்டவனுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுக்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராமல், அந்தத் துண்டின் விலாசத்தையும் தொலைத்துவிட்டால் போனது போனதுதான். இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஒரு நாள் கொடுக்க ஒன்றுமில்லாமல் கெர்னல் மண்டையைப் போடும்.

அதைப் பிடிக்க, கெர்னலுக்குள்ளேயே இன்னொரு சின்னப் புரோகிராமைக் காவல்காரனாக வைத்தாள் செல்வலட்சுமி. அவன் மெமரி முழுக்கச் சுற்றி வருவான். ஏதாவது ஒரு துண்டின் விலாசம் யாரிடமும் இல்லையென்றால் சிவப்பு விளக்கு.

டெஸ்ட் ரூமில் பெட்டிகளை அடுக்கி, நாள் பூராவும் கார்டு தேய்த்து, சிவப்பு எரிகிற பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. முதல் நாளே அத்தனை பெட்டியும் சிவப்பு. ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. பேக்கிங்கில் இருந்த கனகம் தன் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஒட்டிக்கொண்டே போனேன்.

மேனேஜர் சிவசங்கர் உள்ளே வந்து பார்த்தார்.

“இன்னா கோதண்டம், பொட்டி டெஸ்ட் பண்றியா, பொண்ணு பாத்துக்கினு கீறியா?”

“காவக்காரன் கத்துறான் சார். நான் பொட்டு வைக்கிறேன்.”

அவர் செல்வலட்சுமியைக் கூப்பிட்டார். “அத்தனையும் பொய் அலாரம். முக்கால்வாசி கார்டு ரீடர் பக்கத்துலேர்ந்து வருது. அந்தப் பக்கமே எட்டிப் பாக்காதேன்னு காவக்காரனுக்கு எழுதிடு.”

“பொய்யின்னு எப்பிடி சார் சொல்லுதிய?”

“எல்லாப் பொட்டியுமா கெட்டுப் போவும்?”

“எல்லாத்துலயும் ஒரே புரோகிராம்தான சார். கெட்டா மொத்தமாத்தான் கெடும்.”

சிவசங்கருக்கு மூக்கு சிவந்தது. “வெள்ளிக்கிழமை லாரி. அதுக்குள்ள இந்தக் கத்தலைக் குறை. இல்லன்னா காவக்காரனையே ஆஃப் பண்ணிட்டு ஏத்தி அனுப்பிடுவேன்.”

அப்படி ஏற்றினால் பழைய ஓட்டையோடு பெட்டிகள் அதே கேட்டுக்குத்தான் போகும். ரூம்காரிகளுக்கு இன்னொரு அரை நாள் போகும். செல்வலட்சுமி உட்கார்ந்து ஒவ்வொரு அலாரமாகப் பார்த்தாள். பார்க்காமல் ஒன்றின் வாயையும் அடைக்கவில்லை.

நிறைய பொய்தான். சில துண்டுகளின் விலாசம் கார்டு ரீடர் சிப்புக்குள் இருந்தது. காவல்காரன் மெமரியை மட்டும் துழாவிவிட்டு, யாருமில்லை என்று கூப்பாடு போட்டிருக்கிறான். சில துண்டுகளை வாங்கிய புரோகிராம், அவற்றின் தொடக்க விலாசத்தை விட்டுவிட்டு நடுவிலிருக்கிற விலாசத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தது. சில துண்டுகள் அப்போதுதான் கைமாறிக்கொண்டிருந்தன. சிப்பிடம் போனது எது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நடுவில் பிடித்தாலும் கணக்கில் எடு என்றாள். ஒரு தடவை பார்த்ததும் கத்தாதே, இன்னொரு சுற்று வந்து பார்த்துவிட்டுக் கத்து என்றாள். இத்தனையும் “மூதேவி, மூதேவி” என்று திட்டிக்கொண்டேதான்.

பொட்டுகளை உரிக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமை மதியம் ஒரு பெட்டியிலும் பொட்டு இல்லை. டீ நேரம் நெருங்கியதும் ஒன்று சிவந்தது. அப்புறம் இன்னொன்று. சிவசங்கர் உதட்டைப் பிதுக்கினார். “இதுவும் அதே கார்டு ரீடர் பக்கந்தான். மிச்சம் மீதிப் பொய். மூடு.”

அவள் மூடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று என் கையையே பார்த்தாள்.

“அண்ணாச்சி, காலைலயும் இப்பிடித்தான் தேய்ச்சியளா?”

“காலையில பொறுமை கீது. இப்ப போவலன்னா கேன்டீன்ல பஜ்ஜி தீந்துடும்மா.”

“ஒரு கார்ட ரெண்டு தடவ இழுக்கிய.”

“டிங்னு சத்தம் வரலன்னா இன்னொரு இழுப்பு இழுப்பேன். எவன் காத்துக்கினு நிப்பான்?”

“எவனும் நிக்க மாட்டான்” என்றாள். “பஸ்ஸ விட்டு எறங்கி ஓடியாறவ எல்லாரும் இப்பிடித்தான் தேய்ப்பாவ.”

ஓட்டை அதுதான். முதல் இழுப்பு முடிவதற்குள் அடுத்த இழுப்பு வந்தால், கார்டு ரீடர் புரோகிராம் புதுத் துண்டு ஒன்றை வாங்கி, பழையதின் விலாசத்தின் மேலேயே புதிய விலாசத்தை எழுதிவிடும். சிவசங்கர் எட்டிப் பார்க்காதே என்ற அதே பக்கம். சரிசெய்தது சில வரிகள். சரியாகிவிட்டதா என்று பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை என் தோள்பட்டை கழன்றது. பேய் பிடித்தவன் மாதிரி இரண்டிரண்டாக இழுத்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. சாயங்காலம் லாரி கிளம்பியது. சிவசங்கர் முதலாளிக்கு போன் போட்டு, “நம்ம டீம் கண்டுபிடிச்சிட்டோம் சார்” என்றார். செல்வலட்சுமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் காய்கறிக் கடையில் அவளையும் ரூம்காரி பூமாரியையும் பார்த்தேன். பூமாரி அவளைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“கோட்டிக்காரி, நேத்து பஸ்ஸ விட்டுட்டு லேட்டாப் போனேன். மிஷினு நின்னுட்டுன்னு சாக்குச் சொல்லலாம்னு பாத்தா, லட்சணமா டிங்குங்குது. அரை நாளு போச்சு.”

“சீக்கிரம் எந்திரிட்டி.”

“அதுக்கு ஒரு மிஷினு செய்யி” என்று சொல்லிவிட்டு, பூமாரி கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தாள்.