மைக்கை நிறுத்தச் சொன்ன அமைச்சர்

கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், லண்டன் நோர்பரியில் எங்கள் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். பெனிபிட் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் எண்ணம். ‘அரசாங்க உதவிப்பணம் பற்றி இங்கே கேட்கலாம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகையும் வைத்தேன். சனம் பலகையை வாசித்தது, என்னைப் பார்த்துச் சிரித்தது, சாப்பாட்டு வரிசைக்குப் போனது. மூன்று கிழமையாக, மூன்று வெள்ளியும் ஒருவரும் வரவில்லை.

நாலாம் கிழமை ஒரு பெரியவர் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். சந்தோசத்தில் பேனாவைத் திறந்து, “கெதியாச் சொல்லுங்கோ ஐயா, பிறந்த திகதி என்ன?” என்றேன்.

“எந்தக் கதியைம்மா சொல்றது?” என்று அவர் விழித்தார்.

‘கெதியா’ என்றால் சீக்கிரம் என்று விளங்கப்படுத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தார். தமிழ்நாட்டிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருப்பவர். ஒருகாலத்தில் அங்கே ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர். “இப்ப பேத்தியோட லஞ்ச் பாக்ஸைத் தூக்குற துறை” என்றார்.

என் பலகையைப் பார்த்ததும் தனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்ததாகச் சொன்னார். பதவியேற்ற புதிதில், விதவைப் பென்ஷனுக்கு ஊர் ஊராக முகாம் போட்டாராம். பந்தல், மைக், மாலை எல்லாம் இருந்தது. மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒரு பெண்கூட எழுந்து வரவில்லை. கடைசியில் ஒருத்தி மட்டும் மேடைக்கு வந்து அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்: “நான் கதியத்தவள்னு ஊருக்கெல்லாம் கத்திச் சொல்லித்தான் குடுப்பியாய்யா?”

“அன்னிக்கு மைக்கை நிறுத்தச் சொன்னேன்மா. அப்புறம் மைக்கே கிடையாது. ஆபீசருங்க வீடு வீடாப் போனாங்க. ரோடு போட்டேன், தண்ணித்தொட்டி கட்டினேன், அதெல்லாம் எல்லாரும் செய்வாங்க. உருப்படியா நான் செஞ்சது இதுதான்.”

பலகையைத் தூக்கிச் சுவரோடு திருப்பி வைத்துவிட்டு, பெண்கள் எங்கே உட்கார்ந்து கதைப்பார்கள் என்று கேட்டார். சமையலறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு கத்தியை வாங்கிப் பெரிய பெரிய துண்டாகக் கரட் வெட்டத் தொடங்கினார்.

“ஐயா, உது சாம்பாருக்கோ, மாட்டுக்கோ?” என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. சமையலறையே சிரித்தது. அவரைக் கூட்டிப்போக வந்த மகள் வாசலில் நின்று, “எங்கப்பா காய் வெட்டி இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்று போனில் படம் எடுத்தார்.

அடுத்தடுத்த வெள்ளிகளிலும் வெட்டினோம், கதைத்தோம். ஒருநாள் அந்த அம்மா, பக்கவாதத்தில் விழுந்த கணவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஆறு வருடமாகத் தனியே பார்ப்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கணவருக்குக் கிடைக்கவேண்டிய உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்ததே இல்லை.

“பிச்சை மாதிரியெல்லோ இருக்கும்?”

“உங்க வீட்டுக்காரர் என்ன வேலைம்மா பார்த்தாரு?” என்றார் அமைச்சர்.

“பஸ் டிரைவரா ஓடினவர். ஒரு நாள் லீவு போடமாட்டார்.”

“வரி கட்டினாரில்ல?”

“ஓம், கட்டினவர்தான்.”

“அப்ப யார்கிட்டம்மா பிச்சை கேக்கிறீங்க?”

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். மஞ்சள் கறையோடுதான் அந்தப் படிவம் தபாலில் போனது. சில கிழமைகளில் பணம் கிடைத்தது. அந்தப் பணத்தில், கணவரைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வரத் தொடங்கினார். அந்த அம்மா தங்கையோடு பிரைட்டன் கடற்கரைக்குப் போய், காற்றில் சேலை பறக்க ஐஸ்கிரீம் சாப்பிடும் படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு, முழங்கால் வலியோடு ஒரு அம்மா, எந்நேரமும் தொப்பி போட்ட ஒரு அண்ணன் என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். சமையலறையில் எனக்கு ஒரு மூலையே ஒதுக்கிவிட்டார்கள்.

விசா முடிந்து அமைச்சர் ஊருக்குப் போனார். அங்கே தேர்தலில் நின்று தோற்றார். அந்தச் செய்தியைச் சொல்லப் போன் எடுத்தவர், அரை நிமிடத்தில் அதை முடித்துக்கொண்டார். மிச்ச நேரமெல்லாம், “முழங்கால் வலி அம்மாவுக்குப் பணம் வந்துச்சா? தொப்பி போட்ட அண்ணனுக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்துவிட்டது என்றேன். சின்னப் பிள்ளைபோல் சத்தமாகக் கைதட்டினார்.