மச்சானின் இடுப்பளவு

அன்று மரம் வெட்டும் சாமான்கள் விற்கும் அந்தக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேரும் ஒரு நாயும். கடை நடத்தும் ஜூடி. என்னோடு வேலை செய்யும் போலந்து நாட்டுக்காரன் மாரெக். மிஷின் வாளுக்கு எண்ணெய் வாங்க வந்து, வாங்கிய பிறகும் போகாமல் நின்றுவிட்ட ஒரு பெரியவர். பிறகு நான். நாய் ஜூடியுடையது. இத்தனை பேரில் தரையில் கால் படாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். கூரை உத்தரத்திலிருந்து ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் ஒரு ஹார்னஸ், அதற்குள் நான், இரண்டடி உயரத்தில். மரம் ஏறி வெட்டுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் வார்ப்பட்டையைத்தான் இங்கே ஹார்னஸ் என்கிறார்கள். இங்கிலாந்தில் அதை வாங்குவதென்றால் இருபது நிமிடமாவது அதில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டுமாம். கண்டியில் சப்பாத்துக் கடையில் போட்டுப் பார்த்து நாலு எட்டு நடப்போமே, அதுபோல. தொங்குகிறவனுக்கு ஜூடி ஒரு கோப்பைத் தேநீரும் தருகிறாள். ஆடிக்கொண்டே தேநீர் குடிக்கும் வித்தை எனக்கு வரவில்லை. பாதி நாயின் மேல் போயிற்று.

நான் பயந்த சுபாவக்காரன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அந்த உத்தரத்துக்கு எத்தனை வயது என்று ஜூடியிடம் கேட்டேன். நான் அவள் வயதைக் கேட்டதாக நினைத்துத் தன் வயதைச் சொன்னாள் போலும், அறுபத்திரண்டு என்றாள். அறுபத்திரண்டு வருடத்து உத்தரம் என்று நான் இன்னும் பயந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் இங்கிலீஷும் ஜூடியின் இங்கிலீஷும் ஒரே பாஷை என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடமாக மரம் வெட்டும் வேலையில் இருக்கிறேன். ஆனால் ஒரு நாளும் மரத்தில் ஏறியதில்லை. அங்கே கண்டியில் ஏறியவர் என் அக்காவின் கணவர், லிங்கம் மச்சான். இங்கே ஏறுகிறவன் மாரெக். வெட்டிய கிளை தடாலென்று விழாமல், கீழே நின்று கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்குகிறவன் நான். மனைவிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, அவளோடு வந்து நாலு வருடம் ஆகிறது. நாடு மாறியது, கயிற்றின் கீழ் நுனி மாறவில்லை. அன்று என் இரண்டு காலும் தரையை விட்டதே மச்சானுக்காகத்தான். வாங்க வந்த ஹார்னஸ் அவருக்கு.

எப்படி இருக்கிறது என்று ஜூடி கேட்டாள். பலமாக இருக்கிறது என்றேன். என் கடையில் எல்லாமே பலம்தான், சுகமாக இருக்கிறதா என்று கேட்கிறேன் என்றாள். இருக்கிறது என்றேன். எங்காவது வலிக்கிறதா? இல்லை. அப்போது என் வலது தொடை மரத்துப்போயிருந்தது. இவ்வளவு பாடுபட்டு மாட்டிவிட்டவளிடம் வலிக்கிறது என்று சொல்வது மரியாதையாக எனக்குப் படவில்லை. மாரெக் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் இல்லை என்று சொன்னால் ஆமாம் என்று அர்த்தம் என்று அவளிடம் சொல்லிக்கொடுத்தான். இறக்கினாள், வேறொன்று மாட்டினாள். அடுத்தது இடுப்பெலும்பில் குத்தியது. மூன்றாவது முதுகைக் கூன வைத்தது. நான்காவதில் தொடைப் பட்டை கையகலம் இருந்தது. அதில் தொங்கியபோது உடம்பின் பாரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. எனக்கு அதுவே பயமாகிவிட்டது. கட்டியிருப்பது தெரியவில்லையே, கட்டித்தான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்.

ஏனென்றால் மச்சானின் கயிறு அப்படியில்லை. நீல நைலோன் கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவார். கீழே மெத்தைக்கு மாவுச் சாக்கு ஒரு மடிப்பு. கயிறு இறுகி வலித்தால்தான் கட்டு இருக்கிறது என்று நம்பிக்கை. புசல்லாவையிலிருந்து விடியற்காலை மோட்டார் சைக்கிளில் கிளம்புவோம். வாளும் கயிறும் அடைத்த சாக்கு என் முதுகில். கம்பளை வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவு, பனி வேறு. நான் கண்ணை மூடிக்கொண்டு மச்சானின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொள்வேன். கண்டிக்கு வந்துதான் கண்ணைத் திறப்பேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பேராதனையில், பிலிமத்தலாவையில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், யார் வீட்டு ஓட்டின் மேல் பலாக்கிளை சாய்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் எங்களுக்கு வேலை. ஒருதரம் மடவளையில் ஒரு ஹாஜியார் வீட்டு மரத்தில் மச்சான் ஏற, நான் கீழே கயிற்றைப் பிடித்தபடி, பாத்துங்க மச்சான், பாத்துங்க மச்சான் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹாஜியார் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஏறுறது அவரு, நடுங்குறது நீங்களா தம்பி?"

மரத்தின் மேலிருந்து பதில் வந்தது. "எனக்கும் சேத்து அவன் நடுங்கிருவான் ஹாஜியார். அதுனாலதான் சம்பளம் குடுக்குறேன்."

மச்சானிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்காவது ஒரு சதம் கடன் இருந்தால் மரத்தில் கால் வைக்க மாட்டார். காலையில் தேத்தண்ணிக் கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுப்பார். ஒரு நாள் கம்பளை தாண்டிய பிறகு ரொட்டிக்கு முப்பது ரூபாய் கொடுக்காதது ஞாபகம் வந்து, அவ்வளவு தூரமும் திரும்பினார். நான் முணுமுணுத்தேன். மேலே ஏறினவன் இறங்கி வருவான் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, நாளைக்கு எவனாவது வந்து உன் அக்காவிடம் முப்பது ரூபாய் கேட்க வேண்டுமா என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று நான் அவருடைய முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற விட்டேன்.

நான்காவதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியானால் அளவு என்ன என்று ஜூடி கேட்டாள். இடுப்பைச் சுற்றி எத்தனை அங்குலம்? முந்தின வாரம் போனில் மச்சானிடம் கேட்டிருந்தேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். "அத்தன வருசம் கட்டிப் புடிச்சிட்டு வந்த இடுப்பு. உனக்குத் தெரியாத அளவா மாப்புள?" அது உண்மைதான். அங்குலக் கணக்கு தெரியாதே தவிர என் கைக்குத் தெரியும். ஜூடிக்கு முன்னால் இரண்டு கையையும் முன்னே நீட்டி, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்து, வளையமாக்கிக் காட்டினேன். இவ்வளவு, என் அக்கா கணவர் இவ்வளவு என்றேன். ஜூடி என்னைப் பார்த்தாள். என் கண் கலங்கியிருந்ததோ என்னவோ, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டி அணைத்து முதுகில் தட்டிக்கொடுத்தாள். எண்ணெய் வாங்க வந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மச்சான் செத்துப்போய்விட்டார் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் புரியவே நேரமெடுத்தது. மாரெக்தான், உயிரோடு இருக்கிறார், அளவு, அளவு என்று கத்தினான். பிறகு ஜூடி என் கை வளையத்துக்குள் டேப்பை விட்டுச் சுற்றி அளந்தாள். நான் அசையாமல் நின்றேன். கைக்குள் அப்போது காற்றுத்தான் இருந்தது, ஆனாலும் கம்பளை வளைவில் சாய்வதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றேன் என்று மாரெக் பிறகு சொன்னான். முப்பத்தாறு அங்குலம்.

நான் அனுப்பிய ஹார்னஸ் பொதி கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரி கட்டினால்தான் தருவோம் என்று தபாலகத்தில் சொன்னார்களாம். அக்காவின் கணக்குக்கு அதையும் அனுப்பினேன். ஹார்னஸ் நீ கொடுத்தது, அதை வாங்கிக்கொள்கிறேன், வரிக்காசு கடன், அதைத் திருப்பித் தருவேன் என்று மச்சான் கறாராகச் சொல்லிவிட்டார். மாட்டிப் பார்த்தீர்களா, சுகமாக இருக்கிறதா என்று ஜூடியைப் போலவே நானும் கேட்டேன். சும்மா மேகத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். காட்டுங்கள் என்றால் வழக்கம்போல் போனைத் திருப்பி மரத்தைக் காட்டினார். வாகை மரம், மாமரம், கொப்பு முறிந்த பலா. நாலு வருடமாக நான் பார்த்ததெல்லாம் மரங்களும் மச்சானின் குரலும்தான். அதில் எதையும் நான் சந்தேகப்படவில்லை. எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன் இதற்குக் கவலைப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா தனியாகப் போன் எடுத்தாள்.

"தம்பி, நீ அனுப்புன பெல்ட்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள ஆளத்தான் காணோம்."

கடைசி வரைக்கும் இழுத்தும் பட்டை இடுப்பில் நிற்காமல் வழுகுகிறதாம். உடுத்தும் சாரத்தை இரண்டாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு ஏறலாம் என்கிறாராம். மச்சானுக்குச் சுகர் வந்து இரண்டு வருடமாகிறது. ஆள் உருகிவிட்டார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவதில்லை, அன்றைய கூலி போய்விடும் என்று. பிலிமத்தலாவையில் ஒரு கடைக்குப் பின்னாலிருந்த பலாவில் தலை சுற்றி, கிளையைக் கட்டிப் பிடித்தபடி அரை மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உனக்குச் சொன்னால் நீ தூங்க மாட்டாய், அங்கே கயிறு பிடிக்கிறவன் தூங்காமல் போனால் எவனோ ஒருத்தன் சாவான் என்று மச்சான்தான் தடுத்தாராம். பிறகு அக்கா அழுதாள்.

"நான் மனுசன மரத்த விட்டு எறக்கப் பாக்குறேன். நீ மேல ஒக்கார கதிர அனுப்பிருக்கடா."

மறுவாரமே ஜூடியின் கடைக்குப் போனேன். மச்சான் தூங்கும்போது அக்கா டேப்பால் அளந்து சொன்ன அளவு கையில் இருந்தது, முப்பத்தொன்று. கடை வாசலில் நின்று கையை வளையமாக்கிப் பார்த்தேன். இந்த முறை மணிக்கட்டைப் பிடித்தால் போதவில்லை, முழங்கை வரை ஏறிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதே நான்காவது வகையில் சின்னதை வாங்கினேன். அனுப்பவில்லை. அது என் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அலுமாரிக்குள் வைத்தால் என்ன என்று மனைவி கேட்கிறாள். முடியவில்லை. அனுப்பினால் அவர் பத்திரமாக ஏறுவார். அனுப்பாவிட்டால் சாரத்தை மடித்து வைத்துக்கொண்டு ஏறுவார். இரண்டிலும் அவர் மேலே, நான் ஐயாயிரம் மைலுக்கு இப்பால், கையில் கயிறில்லாமல்.

அப்போதுதான் வரிக்காசு ஞாபகம் வந்தது. மச்சான் ஐயாயிரத்தை அக்காவிடம் கொடுத்து முடித்திருந்தார். மிச்சத்தை வாங்காதே என்று அக்காவிடம் சொன்னேன். அவர் நீட்டினால் அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாளாம். மேசையில் வைத்தால் சட்டைப் பையிலேயே திருப்பிப் போடுகிறாளாம். போன ஞாயிறு அவரே போன் எடுத்தார். நல்ல கோபம்.

"என்னா வெளையாட்டு இது? இந்தக் காசுக்கு என்னயக் கீழ கட்டிப் போட்டிருக்கியா?"

"கிளினிக் கொப்பியக் காட்டுங்க மச்சான். மூணு மாசம் ஒழுங்காப் போன சீல் இருக்கணும். டொக்டர் ஏறலாம்னு சொல்லணும். காசையும் எடுத்துக்குறேன், சின்ன பெல்ட்டையும் அனுப்புறேன்."

பிறகு போனைத் திருப்பினார். மரம்தான் வரும் என்று பார்த்தேன். மரம் இல்லை. சுவரில் ஆணியில் பெரிய ஹார்னஸ் தொங்கியது. புதுசு, ஒரு மரப்பட்டைகூட உரசாதது. அதன் பக்கத்தில், கண்ணாடியில், மெலிந்துபோன ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தெலும்பு தெரிந்தது. யாரென்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. "பாத்துக்க," என்றார். வைத்துவிட்டார்.

இப்போது கீழே நின்று வேறு யாருக்கோ கயிறு பிடிக்கிறாராம். பாத்து, பாத்து என்று ஓயாமல் கத்துகிறாராம், உன்னைப் போலவே என்று அக்கா சொல்கிறாள். போன செவ்வாய்க்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாராம். ஒரு சீல். நான் இங்கே காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் கையை விட்டு, சின்னப் பட்டையின் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அங்கே சுவரில் என் கை நினைத்து வைத்திருந்த இடுப்பு தொங்குகிறது. இங்கே கதவில் அவருடைய இடுப்பு. இரண்டுக்குள்ளும் ஆள் இல்லை. மச்சான் எனக்கு இன்னும் தர வேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.