இருபத்தோராம் வரிசை

பெரிய போட்டிக்காகக் கால்பந்து மைதானத்தைப் புதுப்பித்தபோது, கிழக்கு கேலரியில் நாற்காலி பொருத்திய குழுவுக்கு அவள்தான் தலைவி. எல்லாருக்கும் அவள் ‘ஸ்பேனர் அக்கா’. பேச்சு குறைவு, கோபம் அதிகம்.

நீல நாற்காலிகளைப் பொருத்தி முடித்ததும், போட்டி நடத்துகிறவர்கள் வந்து பார்த்தார்கள். கால் நீட்ட இடம் போதாது, கழற்றுங்கள் என்றார்கள். கான்கிரீட்டில் பழைய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைத்தாள். பிறகு நீலம் டிவியில் எடுபடவில்லை, சிவப்பு போடுங்கள் என்றார்கள். மறுபடி கழற்றினாள்.

“செக்குமாடு மாதிரி சுத்துறேன்” என்று வீட்டில் புலம்பினாள்.

பஸ் ஓட்டும் கணவர் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி, “நானும்தான் போன வழியிலயே திரும்பி வரேன். என்ன, நடுவுல நாலு பேர் ஏறி இறங்குறாங்க” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடக்க ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, கேமரா மேடை போட இருபத்தோராம் வரிசையை எடுக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். மறுநாள் தொழிலாளர்களுக்கு அந்த ஆட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு இலவச டிக்கெட் கொடுத்தார்கள். அவள் குழுவுக்குக் கிடைத்தது அதே இருபத்தோராம் வரிசை.

நேரே மேனேஜரிடம் போனாள்.

“கம்ப்யூட்டர்ல அந்த வரிசை இருக்கேம்மா” என்றார் அவர்.

“கம்ப்யூட்டர்ல இருக்கும் சார். நேத்து நான்தான் கழட்டுனேன்.”

ஆட்டத்தன்றைக்கு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. கணவர் லீவு போட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படியில் நிற்கக் கூடாது என்று காவலாளி விரட்டினான். காலியாக இருந்த இடங்களில் உட்கார்ந்தார்கள்; உரியவர்கள் வர வர எழுந்தார்கள். கடைசியில் கழிவறைக்குப் பக்கத்தில் தொங்கிய டிவிக்கு முன்னால் போய் நின்றார்கள். தலைக்கு மேல் கேலரி அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் டிவியில் பந்து வலைக்குள் போனது.

“சத்தம் முன்னாடி வருது, கோல் பின்னாடி வருது. வாங்க, போலாம்” என்றாள்.

கணவரும் கூட நடந்தார்.

கோபம் அவளைத் தூங்க விடவில்லை. காலையில் குழுவைக் கூட்டிக்கொண்டு மேனேஜரின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் சாக்குச் சொன்னார், பிறகு கெஞ்சினார். இவர்கள் நகரவில்லை. மதியத்துக்குள் வேறொரு ஆட்டத்துக்கு டிக்கெட் வந்தது. நல்ல இடம், மைதானம் முழுக்கத் தெரிந்தது.

இரண்டு அணியும் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தன. ஒரு கோல்கூட விழவில்லை. பாதி ஆட்டத்தில் கணவர் தூங்கிப்போனார். பக்கத்தில் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். அவள் மட்டும் கடைசி விசில் ஊதும்வரை இடத்தைவிட்டு அசையவில்லை.