எங்கள் அக்கா கேட்ட ராத்திரி பஸ்

நினைவு மலர் என்றால் அதில் இடம்பெறுபவர் சிரித்த முகம் மாறாதவராக, யார் மனமும் நோகப் பேசாதவராக இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. ஓராண்டுக்கு முன் எங்களை விட்டுப் பிரிந்த அக்கா அப்படிப்பட்டவர் அல்லர். கோபக்காரர். கேட்டதையே நூறு தடவை கேட்பார். அவர் இந்த அரசாங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதில் உடன்பிறந்த தம்பியான எனக்கும் பங்கு உண்டு. அதை வேறு யாரோ சொல்லிக் கேட்பதைவிட, உறவினர்களும் நண்பர்களும் என் கையெழுத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அக்கா கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்தால் சோறு, இல்லையென்றால் கூலி வேலை. அந்த நிலையிலும் அக்கா பிடிவாதமாகப் படித்துக் கிராமச் செவிலியர் ஆனார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அவர் சம்பளம்தான். கல்யாணமான நான்காம் வருடம் மாமா காமாலையில் தவறிப்போனார். குழந்தை இல்லை. மறுமணப் பேச்செடுத்து வந்த சொந்தக்காரர்களுக்குக் காபி கொடுத்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாவட்டம் பிரிந்த 89-ஆம் வருடத்தை ஒட்டி அக்காவுக்கு ஜவ்வாது மலையில் வேலை மாறியது. மலை என்றால் மற்றவர்கள் சிபாரிசு பிடித்து ஆறே மாதத்தில் இறங்கிவிடுவார்கள். அக்கா பணி ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். புதிதாக மலைக்கு வரும் வாத்தியார், வங்கிக்காரர், சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர் என்று யாரையும் அவர் விட்டதில்லை. மார்கழியில் வருபவர் இரண்டு கம்பளி கொண்டுவர வேண்டும். வழி கேட்டால் எத்தனை மைல் என்று கேட்கக் கூடாது, நடந்தால் எந்நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்க வேண்டும். இங்கே வெயில் அடித்தாலும் மேலே கருத்திருந்தால் ஓடையில் இறங்கக் கூடாது. சந்தை நாளில் கூட்டம் போடக் கூடாது. சாமைச் சோறு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலான பாடம் ஒன்று வைத்திருந்தார். ஜீப்பில் வந்து இறங்கியவரிடம் மலை ஜனங்கள் குறை சொல்ல மாட்டார்கள். வாசலுக்கு வந்தவரிடம் தங்களுக்கு இன்னது இல்லை என்று சொல்வது அங்கே மரியாதை இல்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இரண்டு வாய் சாப்பிட்டு, வந்த விஷயத்தையே மறந்தவர்போல் இருந்தால்தான் மெல்ல வாயைத் திறப்பார்கள். இதை அக்கா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

அக்கா கேட்டது ஒரு பஸ். போளூரிலிருந்து மலைக்குக் கடைசி பஸ் மூன்று மணிக்குப் புறப்படும். ஏறிய கையோடு கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு யாருக்குப் பிரசவ வலி கண்டாலும், பாம்பு கடித்தாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும், அல்லது போர்வையில் தொட்டில் கட்டித் தூக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் ஏறி, இரவு மலையிலேயே தங்கி, விடியலில் இறங்கும் பஸ் ஒன்று விட்டால் போதும் என்பது அக்காவின் மனு.

நான் அப்போது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். திங்கட்கிழமை மனு நாள். அக்கா ஞாயிற்றுக்கிழமையே இறங்கி வந்து என் வீட்டில் தங்குவார். காலையில் நானும் அவரும் ஒரே ஆட்டோவில் போவோம். நான் உள்ளே போய் நாற்காலியில் உட்காருவேன், அவர் வெளியே வரிசையில் நிற்பார். பக்கத்து மேஜைக்காரர் கண்ணடித்துக்கொண்டே உங்க அக்கா வந்துட்டாங்க சார் என்பார். எனக்கு மானம் போகும். ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது அக்காவிடமே எரிந்து விழுந்தேன். கொடுத்தாச்சு இல்ல, நடக்கும்போது நடக்கும், ஏன் என்னை நாறடிக்கிறாய் என்று கேட்டேன். நீ அவரைக்காய்ச் சாம்பாரைச் சாப்பிடு என்று தட்டை என் பக்கம் தள்ளினார். அடுத்த மாதமும் வந்தார்.

எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு ஒருவழியாக நேரில் விசாரிக்க உத்தரவானது. மேலதிகாரி ஒருவர் கிளம்பினார். வழி தெரியும் என்பதால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அது புதன்கிழமை, தடுப்பூசி நாள். அக்கா எங்கேயோ சாமைக் கொல்லையில் இருந்த ஒரு குடிசைக்கு ஊசிப் பெட்டியோடு போயிருந்தார். அன்று பௌர்ணமி வேறு. சாயங்காலத்துக்குள் திருவண்ணாமலை திரும்பாவிட்டால் கிரிவலக் கூட்டத்தில் ஜீப் சிக்கிக்கொள்ளும் என்று அதிகாரிக்கு ஒரே அவசரம். ஜீப்பை விட்டு இரண்டடி தள்ளிக்கூடப் போகவில்லை. கூடிய ஜனங்களிடம் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்.

ஊருக்குப் பெரியவரான வெள்ளையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கொறை ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறோம்."

"ராத்திரி பஸ்ஸு வேணும்னு மனு வந்துருக்கே?"

"வந்தா வரட்டுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். எழுதிக்கோங்க என்றார். நான் எழுதினேன். 'பொதுமக்களிடம் நேரில் விசாரித்ததில் பேருந்து குறித்துக் கோரிக்கை ஏதும் இல்லை எனத் தெரியவருகிறது.' வெள்ளையன் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். சாப்டுட்டுப் போலாங்க என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. சார், கொஞ்சம் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயில் கொழுக்கட்டை இருந்ததுபோல் நின்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்காவிடம் நகலைக் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"யார்டா எழுதுனது?"

"நான்தான்க்கா. அவங்களே கொறை இல்லேன்னு சொல்லிட்டாங்க."

"ஜீப்பாண்ட நின்னுக்கினு கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க. அந்த ஆபீசருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் இல்ல?"

அவ்வளவுதான் கேட்டார். அந்த ஐப்பசி மழையில், கடைசி பஸ் இறங்கிய பிறகு காளியம்மாள் என்ற பெண்ணுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது. போர்வைத் தொட்டிலில் அடிவாரம்வரை தூக்கிவந்தார்கள், அக்காவும் கூடவே நடந்தார். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இந்தச் செய்தியை அக்கா என்னிடம் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு வந்த அடுத்த மனுவில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வராமல், பஸ் நிலையம் பக்கத்து லாட்ஜில் தங்கித் திங்கட்கிழமை வரிசைக்கு வந்தார். பிறகு எனக்கு மகள் பிறந்தபோது கருப்பட்டியும் பூண்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை அவர் கடைசிவரை எனக்குக் கொடுக்கவில்லை. இறந்தவர்மீது கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இந்த விஷயத்தில் அக்காமீது இன்னும் கோபம்தான்.

அதற்குப் பின் அக்கா கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் பதில் போனது. ஏற்கெனவே நேரில் விசாரித்ததில் கோரிக்கை இல்லை எனத் தெரிந்ததால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஒவ்வொரு பதிலும் சொன்னது. அதிகாரிகள் மாறினார்கள், நாற்காலிகள் மாறின, என் வரி மட்டும் மாறவில்லை. ஒருமுறை துணிந்து, முன்பு எழுதியது சரியல்ல என்று குறிப்பு வைத்தேன். நீங்க எழுதுனதையே நீங்க இல்லேன்னு சொல்றீங்களா, வேலையில இருக்கணுமா வேணாமா என்று மேலே இருந்தவர் கேட்டார். குறிப்பை எடுத்துவிட்டேன்.

ஓய்வு பெற்றபின் அக்கா எங்களோடு வேங்கிக்காலில் இரண்டு வருடம் இருந்தார். சிறுநீரகம் பழுதாகிவிட்டது. படுக்கையிலிருந்தபடியே மருத்துவரின் ஊசி போடும் லட்சணத்தைக் குறை சொல்வார். ஒரு வியாழக்கிழமை விடியலில் அமைதியாகப் போய்விட்டார்.

மலைக்கடையில் இருந்த போனுக்குச் சொல்லி அனுப்பினோம். முதல் பஸ் பிடித்துப் பதினொரு மணிக்கெல்லாம் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். காளியம்மாளும் வந்திருந்தாள். வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூர் சொந்தக்காரர்கள் வருவதற்காக எடுப்பதை நான்கு மணிக்கு வைத்திருந்தோம். ஒரு மணிக்கு வெள்ளையன் என்னிடம் வந்தார். கிளம்ப வேண்டும் என்றார். வீட்டில் குழந்தைகளும் ஆடுமாடுகளும் இருக்கின்றன, போளூரில் மூணு மணி பஸ்ஸை விட்டால் வழியில்லை என்றார். ஒவ்வொருவராக உள்ளே போய் அக்காவின் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

நான்கு மணிக்கு அக்காவைத் தூக்கியபோது, அவர் பிரசவம் பார்த்துக் கையில் ஏந்திய பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கே இல்லை. தெருவில் சிலர், இத்தனை வருஷம் உழைச்சாங்களே, மலைக்காரங்க இருந்து அனுப்பி வச்சிட்டுப் போகக் கூடாதா என்றார்கள். நெருங்கிய சொந்தங்களும் சொன்னார்கள். நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், அவரைக் கோபித்துக்கொள்ளாமல் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும், அன்று வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்ட எதிர்வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மலையிலிருந்து வந்த நாற்பது பேருக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்களைப் பேசியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அன்று அவர்களைப் பாதியில் எழுப்பி அனுப்பியவன் நான்.

இன்றைய ஆண்டு நினைவுப் படையலைப் பதினொரு மணிக்கே வைத்ததில் பலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். முதல் பந்தி மலையிலிருந்து வந்தவர்களுக்கு. உள்ளூர்க்காரர்கள் தயவுசெய்து பொறுத்திருங்கள். கடைசி பஸ் இன்றைக்கும் மூன்று மணிக்குத்தான்.