இரண்டும் இடது சக்கரம்

என் கணவர் கல்கத்தா கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் கப்பல் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்றதும் பெஹாலா வீட்டில் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முழ நீளத்தில் துடுப்புச் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல் மாடல் ஒன்று கட்ட ஆரம்பித்தார். இரண்டு மாதம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். போகட்டும்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பொடி வேலை ஓடவில்லை. பக்கத்துக்கு ஒரு சக்கரம், சக்கரத்துக்கு எட்டுப் பலகை. பித்தளைத் தகட்டில் பதினாறையும் வெட்டி, அரம் போட்டு, ஓரத்துக் கொக்கியை வளைத்துக் கொடுத்தது நான். அந்தக் கொக்கி இழுக்கிற இழுப்பில்தான் பலகை நிமிர்ந்தபடி தண்ணீரில் இறங்கும். படுத்தபடி இறங்கினால் தண்ணீரை அறையுமே தவிர, கப்பலைத் தள்ளாது.

இரண்டாவது சக்கரம் முடிந்த அன்றே கேட்டேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே? செருப்புக்கே இடது வலது உண்டே."

"பேங்க்ல ரப்பர் ஸ்டாம்ப் குத்தினவளுக்கு இதெல்லாம் புரியாது. நீ வெட்டறதை மட்டும் பாரு."

வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்மேலேயே எனக்கு இன்னும் கோபம்.

ஞாயிறு காலை தெருக்கோடிக் குளத்தில் கப்பலை விட்டார். காது மந்தமான எதிர்வீட்டு வங்காளி மாமி, எங்கள் காகிமாகூடக் குடையோடு வந்திருந்தாள். இடது சக்கரம் சமர்த்தாகச் சுழன்றது. வலது பட் பட்டென்று தண்ணீரை அறைந்தது. கப்பல் முன்னே போகாமல் வலப்பக்கமாகவே வட்டமடித்தது. யாரோ சிரித்தார்கள். இவர் என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"ஷொப் ஓர் தோஷ்!"

எல்லாம் இவள் தப்பாம். பலகையை நான் தப்பாக வெட்டிவிட்டேனாம். எங்களுக்குள் பேச்சு தமிழ்தான், சண்டையும் தமிழ்தான். அன்று மட்டும் நாலு பேருக்குப் புரிய வேண்டுமென்று வங்காளம்! காகிமாவுக்கே கேட்டுவிட்டது, ஐயோ பாவம் என்று என் தோளைத் தட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை எடுத்து மேஜையில் போட்டேன். கப்பல் பட்டறை வழக்கப்படி கப்பலின் இடது பக்கத்தை மட்டும் வரைந்திருந்தார். கீழே அவர் கையெழுத்திலேயே, மறுபக்கத்துக்குத் திருப்பிப் போடவும் என்று ஒரு வரி. இந்த வரியைப் படிக்காததற்காக ஆபீசில் ஜூனியர்களை அழவைத்த கதையை எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்! அந்த மனுஷன்தான் எனக்கு ஒரே மாதிரியைக் கொடுத்துப் பதினாறும் வெட்டச் சொன்னார்.

அந்த வரிமேல் விரலை வைத்துப் படித்தார்.

"என் தப்புதான். இன்னும் எட்டு வெட்டித் தரியா?"

"தரேன். ஆனா குளத்தங்கரையில கத்தினேளே, அங்கேயே இதைச் சொல்லணும். பெங்காலில. காகிமாகிட்ட."

"அடுத்த வாரம் சரியா ஓடினா எல்லாரும் மறந்துடுவா."

"நான் மறக்க மாட்டேன்."

கொக்கியை எதிர்ப்பக்கம் வளைத்து எட்டையும் வெட்டினேன். பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டினேன். வலது சக்கரத்தைக் கழற்றிய கப்பல் மூன்று வாரம் ஒற்றைச் சக்கரத்தோடு மேஜையில் கிடந்தது.

நாலாவது ஞாயிறு அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் போனேன். குளத்தங்கரையில் காகிமா முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஷொப் ஆமார் தோஷ்" என்றார். எல்லாம் என் தப்பு.

காகிமா காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன என்பதுபோல் முகத்தைச் சுளித்தாள்.

டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "இன்னும் சத்தமா" என்றேன்.